பூட்டில்லாத துறைமுகம்

சொந்தப் படகில் தீவுக்குத் தீவு சென்று, இரவில் கரையோரம் கட்டி உறங்கி, விடிந்ததும் அடுத்த துறை நோக்கிக் கிளம்பும் உல்லாசக் கடற்பயணத்துக்கு இன்றியமையாத மெரினா என்பது, அலை புகாத நீர்ப்பரப்பில் மிதக்கும் மேடைகளை அமைத்து, படகின் நீளத்துக்கேற்ப வாடகை பெற்றுக்கொண்டு, குடிநீரும் மின்சாரமும் வழங்கும் ஒருவகைப் படகு விடுதியாகும். தமிழ்நாட்டிலோ, 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் சென்னைக் கடற்கரையின் உலாச்சாலைக்கு இப்பெயரைச் சூட்டிய நாள்முதல், மெரினா என்ற சொல் சுண்டலையும் மாங்காய்ப் பத்தையையுமே குறித்து வருவதால், உல்லாசப் படகு எதையும் கட்டி வைக்க வழியில்லாத அந்தத் திறந்த மணல்வெளியே தமிழர் அறிந்த ஒரே மெரினாவாக நிலைத்துவிட்டது.

எந்தக் கடலைக் காண்பதற்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தாக வேண்டிய திண்டுக்கல் மக்களிடம் இச்சொல்லின் மற்றப் பொருளை விளக்குவது எளிதன்று. அவர்களுக்கு மிக அருகில் உள்ள முறையான மெரினா, கொச்சியின் போல்காட்டித் தீவில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அமைத்தது. அங்கே செல்லும் திண்டுக்கல்காரர் படகின் அழகையோ அதன் விலையையோ முதலில் நோக்குவதில்லை. அது எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பதையே நோக்குகிறார். மேடையில் பதித்த, இரு கொம்புகள் போன்ற இரும்புக் குமிழில் கயிற்றை எட்டு வடிவில் சுற்றி ஒரு மடக்கு மடக்கிவிட்டால் போதும் என்பதும், அவிழ்ப்பதற்குச் சில நொடிகளே ஆகும் என்பதும் கடலோடிகள் பெருமையுடன் கூறும் செய்திகள். மாங்காய்ப் பூட்டைப் பெற்றெடுத்து, 2019இல் தன் பூட்டுகளுக்குப் புவிசார் குறியீடும் வாங்கிய திண்டுக்கல்லின் காதில் இவை பெருமையாக ஒலிப்பதில்லை. வெறுங்கயிற்றில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கத்தக்க பொருள் மாடு ஒன்றுதான் என்பதும், அதுவும் சொந்தத் தொழுவத்தில்தான் என்பதும் அவ்வூரின் துணிபு.

அதே கொச்சியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர் மெட்ரோ, அதாவது மின்கலத்தால் ஓடி நகரையும் சுற்றியுள்ள தீவுகளையும் இணைக்கும் படகுச் சேவை, இவர்களுக்கு உடனே பிடித்துப்போகிறது. கடல் ஏற்றத்தோடு மேடையும் உயர்ந்து, வற்றத்தோடு மேடையும் தாழ்ந்து, படகின் தளத்துக்குச் சமமாகவே நிற்கும் நுட்பத்தை அவர்கள் வியப்பது உண்மையே. ஆயினும் பயணச்சீட்டும் இருக்கையும் இறங்குமிடமும் உள்ள எதையும் பேருந்தாகக் கருதும் வழக்கத்தால், கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கும் பழைய உரிமையைத் தண்ணீரின் மீதும் நிலைநாட்ட முயல்கின்றனர்.

திண்டுக்கல்லுக்குக் கடல்வழித் தொடர்பே இல்லை என்று இதனால் முடிவு கட்டுவது பிழையாகும். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து தனுஷ்கோடி சென்று, அங்கே நீராவிக் கப்பலில் ஆட்களை ஏற்றி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலில் அமர்த்திக் கொழும்பில் சேர்த்த போட் மெயில் என்ற ரயில், புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு நேர்ப்பாதை வரும்வரை, திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல், மதுரை வழியாகவே ஓடியது. படகின் பெயரைச் சுமந்த வண்டி தண்டவாளத்தில் போவதைக் கண்ட ஊர், கப்பல் என்பதும் இவ்வாறுதான் இருக்கும் என்று எண்ணியிருந்தால் அதில் குற்றம் காண இயலாது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேசுவரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பலோ, வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு அதே மாதத்தில் ஓய்வெடுத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்டில்தான் மீண்டும் புறப்பட்டது. இப்பயணத்துக்குத் திண்டுக்கல்லின் சீரகச் சம்பா பிரியாணியை வயிறு நிறைய உண்டுவிட்டுக் கிளம்புவோர், உட்காது உணரும் ஆட்டத்தைக் கண் காணாதபோது மூளை குழம்புவதால் கடல்நோய் வருகிறது என்ற விளக்கத்தை ஏற்பதில்லை. பிரியாணியின் மீது பழி விழாத எந்த விளக்கத்தையும் ஏற்கக்கூடியவர்கள், இதை மட்டும் மறுப்பது, அந்நேரத்தில் எதையும் கேட்கும் நிலையில் அவர்கள் இல்லாமையாலேயே.

ஆகவே திண்டுக்கல் மாவட்டத்தார் கடலைத் தேடிப் போவதைவிடப் படகைத் தம்மிடம் வரவழைப்பதையே விரும்பினர் எனலாம். மதுரை ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்சு 1863இல், இன்று இம்மாவட்டத்தில் உள்ள கொடைக்கானல் ஏரியை உருவாக்கியபின், அதில் மிதக்கவிட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். மலைக்கு மோட்டார்ச் சாலை வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே, கடலில் பிறந்த படகு ஏழாயிரம் அடி உயரத்துக்கு மலையேறிவிட்டது. 1890இல் அங்கே படகுக் கழகமும் தோன்றியது.

இன்று அவ்வேரியில் குடும்பத்துடன் பெடல் படகு ஏறும் சமவெளிக்காரர் கடற்பயணத்தின் எல்லா இலக்கணங்களையும் அரைமணி நேரத்தில் நிறைவேற்றுகிறார். அணியம் எனப்படும் முன்பகுதியில் இருவர் மூச்சிரைக்க மிதிப்பர். பின்பகுதியில் அமர்ந்த பெரியவர்கள், எதையும் மிதிக்காமல், இடது என்றும் வலது என்றும் ஒரே நேரத்தில் ஆணையிடுவர். நட்சத்திர வடிவ ஏரியின் ஏதோ ஒரு கோணத்தில் வழிதவறி, ஒருவாறாகக் கரையை நெருங்கும்போது மிதித்தவர்களின் தொடை கல்லாகியிருக்கும். அப்போது பின்னிருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் நாலு நிமிடம் பாக்கியிருக்கிறது, கொடுத்த காசுக்கு இன்னொரு சுற்று போகலாம் என்பார்.