பாடத்துக்கு ஏற்ற பொய்

எங்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஊடகப் பாடம் நடத்துவது என்று முடிவானது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டப் பள்ளிகளில் போலிச் செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பு எடுத்ததைத் தலைமையாசிரியர் எங்கோ படித்திருந்தார். "அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சது நம்ம பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா சார்?" என்று கேட்டு, பாடத்துக்கு வேண்டியதைத் திரட்டும் பொறுப்பை என்னிடம் தள்ளினார். தமிழாசிரியனுக்கு இதெல்லாம் பழக்கம். ஆண்டு விழா வரவேற்புரையிலிருந்து தண்ணீர்த் தொட்டிமேல் எழுதும் அறிவுரை வரை, எதுவானாலும் எங்கள் தலையில்தான் விடியும்.

வேதியியலுக்குப் பாடநூல் இருக்கிறது, பொய்க்கு இல்லை. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், "உதாரணங்கள் இருந்தால் அனுப்பவும்" என்று ஒரு வரி போட்டேன். அன்றிரவே வந்து குவிந்தன. ஒரே சிக்கல், அனுப்பியவர்களில் பாதிப் பேர் அவற்றை உண்மைக்கு உதாரணமாக அனுப்பியிருந்தார்கள்.

முதலிடம் திருநள்ளாற்றுக்கு. கோயிலுக்கு நேர் மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பித்து நிற்கின்றனவாம், நாசாவே அசந்துபோய்விட்டதாம். நம்மூர்ப் பொய்களில் நாசா படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. இதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று இயற்பியல் ஆசிரியர் துடித்தார். தாழ்வான சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. "நின்னா அப்புறம் கிளம்பாது சார், கீழதான் வரும். ஈர்ப்பியல் பாடத்துலயே கணக்கு இருக்கு" என்றார். கணக்கு சரிதான். ஆனால் சனிப்பெயர்ச்சிக்குக் குடும்பத்தோடு போய்வந்த பெற்றோர்தான் பி.டி.ஏ. கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவார்கள். நாங்கள் செயற்கைக்கோளைப் பற்றிப் பேசுவது அவர்கள் காதில் கோயிலைப் பற்றிப் பேசுவதாகத்தான் விழும். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று ஒத்திவைத்தோம்.

இணையத்தில் கிடைத்த வெளிநாட்டுப் பாடங்கள் வழவழவென்று அழகாக இருந்தன. 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி தொலைக்காட்சி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்வதாகக் காட்டியது. அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று போன் செய்து கேட்டவர்கள்கூட உண்டு. நல்ல கதைதான், ஆனால் ஸ்பகெட்டி இன்னதென்று சொல்லி முடிக்கவே ஒரு பீரியடு போய்விடும். இடியாப்ப மரம் என்று மாற்றிக்கொள்ளலாமே என்றார் வரலாற்று டீச்சர். இடியாப்பம் பிழிந்து பிழிந்து கை வலிக்கிற அம்மாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நம்புமா? அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஸ்பகெட்டி பலருக்குப் புதுசு, பலித்தது.

இன்னொரு பாடம், 1938இல் அமெரிக்க வானொலியில் செவ்வாய்க் கிரகத்தார் படையெடுக்கும் நாடகத்தைக் கேட்டு நாடே தெருவுக்கு ஓடியதாகச் சொல்கிறது. அந்த ஓட்டத்தையே அன்றைய நாளிதழ்கள் ஊதிப் பெருக்கின என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பொய்யைப் பற்றிய பாடத்திலேயே பொய் என்றால் எதை நடத்துவது?

பிள்ளைகளைக் கேட்டால் 2000 ரூபாய் நோட்டுக்குள் சிப் இருந்த கதையைச் சொன்னார்கள். 2016இல் பூமிக்கடியில் புதைத்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று பரப்பப்பட்ட அந்த நோட்டை, 2023இல் ரிசர்வ் வங்கி திரும்பப் பெற்றது. சிப்புகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. சிரிப்பு நிச்சயம். ஆனால் இதிலெல்லாம் போன்தான் குற்றவாளி. போனைத் தூக்கிப் போட்டால் பொய் ஒழிந்துவிடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். போனே இல்லாத பொய் வேண்டும். படித்த பெரியவர்கள் நம்பியிருக்க வேண்டும், அச்சில் வந்திருக்க வேண்டும், முடிவும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் 1995 செப்டம்பர் 21க்கு ஈடில்லை. பிள்ளையார் பால் குடித்த நாள். இந்தியாவில் செல்போன் வந்து இரண்டு மாதம்கூட ஆகாத சமயம், எஸ்.டி.டி. பூத் வழியாகவே செய்தி ஒரே நாளில் லண்டன் வரை போனது. வண்ணம் கலந்த பாலை வைத்து, அது பரப்பு இழுவிசையின் வேலை என்று அறிவியலாளர்கள் அப்போதே காட்டிவிட்டார்கள். வகுப்புக்கு ஒரு ஸ்பூன், கொஞ்சம் பால், ஒரு செங்கல் போதும். கல்லூரியில் படிக்கும்போது தானே ஸ்பூனைப் பிடித்ததாகவும் பால் உள்ளே போனதாகவும் எங்கள் கணக்கு டீச்சர் இன்றும் அடித்துச் சொல்கிறார். அவரையும் வகுப்புக்கு அழைத்திருக்கிறோம். இதைவிடச் சிறந்த பாடப்பொருள் எந்தப் பதிப்பகத்திலும் கிடைக்காது.

அடுத்தது ராமர் பிள்ளையின் மூலிகைப் பெட்ரோல். 1996இல் பத்திரிகைகள் கொண்டாடிய கண்டுபிடிப்பு. 2016இல் சென்னை நீதிமன்றம் மோசடி என்று மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. பொய்க்கு ஒரு வாரம், தீர்ப்புக்கு இருபது ஆண்டு. இந்தக் கணக்கையும் அதே டீச்சர்தான் நடத்தப்போகிறார்.

எல்லாம் தேறியது, அச்சுப் பிரதிதான் இல்லை. எங்கள் நூலகம் பழைய பேப்பரை வருடா வருடம் எடைக்குப் போட்டுவிடுகிறது. 1995 செப்டம்பர் 22 நாளிதழோ, மூலிகைப் பெட்ரோலைப் புகழ்ந்த வார இதழோ உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் எதுவும் அனுப்பிவிடாதீர்கள். இருப்பு நிறைய இருக்கிறது.