செத்தவர் கையில் அடையாள அட்டையோடு ஒரு செல்ஃபி

பெறுநர்: ஆப்பிள் ஆப் ஸ்டோர், கூகுள் பிளே ஆகிய இரு பெருங்கடைகளின் விதி எழுதும் அதிகாரிகள்
அனுப்புநர்: மேருவாசி ஒருவர், கிள்ளான், சிலாங்கூர், மலேசியா
பொருள்: காலஞ்சென்ற என் மாமாவின் கணக்கை முடித்துத் தரக் கோருதல்

மாண்புமிகு கடைக்காரர்களே,

மேரு என்றதும் மலையைத் தேடி அண்ணாந்து பார்க்க வேண்டாம். கிள்ளானுக்கு வடக்கே தாமான்களும் தொழிற்சாலைகளும் பசார் மாலாமுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. புராணத்து மேரு வேறு. வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் தன் தந்தத்தை ஒடித்துப் பாரதம் எழுதியது அங்கே என்பார்கள். பெயர்ப் பொருத்தமோ என்னவோ, இங்கேயும் ஒருமுறை எழுதியது அழிய மறுக்கிறது. என் மாமாவின் பெயரும் கைப்பேசி எண்ணும் பிறந்த தேதியும் ஒரு செயலியில் அப்படித்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். மனு என்றால் அதுதான் முறை.

கணக்குத் தொடங்க வழி வைத்திருக்கும் செயலி, அதை நீக்கவும் செயலிக்குள்ளேயே வழி வைக்க வேண்டும் என்று ஆப்பிள் 2021 ஜூனில் அறிவித்தது. 2022 ஜனவரி 31 கெடு என்றீர்கள். செயலிக்காரர்கள் மூச்சு வாங்கவே ஜூன் 30 வரை தள்ளினீர்கள். கூகுள் 2023 ஏப்ரலில் அதே வழிக்கு வந்தது. டிசம்பர் 7 கெடு, கேட்டவர்களுக்கு 2024 மே 31 வரை தவணை. கணக்குத் தொடங்க எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூடுவதற்கு ஒரு பொத்தான் வைக்க உலகத்தின் கெட்டிக்காரப் பொறியாளர்களுக்கு இத்தனை மாதம் தேவைப்பட்டது. உள்ளே வருவதைவிட வெளியே போவது கடினம் போலிருக்கிறது. கதவின் பூட்டு வீட்டுக்காரர் பக்கம் இல்லாமல் பொறிக்காரர் பக்கம் இருந்தால் அப்படித்தான்.

விதிகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அருமை. கணக்கைத் தற்காலிகமாக முடக்கிவிட்டு ‘நீக்கியாயிற்று’ என்று சொல்லக் கூடாது. ஆப்பிளில், வங்கி மாதிரிக் கட்டுப்பாடு மிகுந்த தொழில் என்றால் ஒழிய, ‘போன் போடு, மின்னஞ்சல் எழுது’ என்று அலைக்கழிக்கக் கூடாது. கூகுளில், செயலியைக் கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டவரும் இணையப் பக்கம் வழியாகக் கணக்கை நீக்கக் கேட்கலாம். பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய வாசகங்கள். இனி இந்தப் பொன்னெழுத்து எங்கள் தாமானில் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

மாமா உயிரோடு இருந்தபோது, மளிகை வாங்கினால் புள்ளி சேரும் செயலி ஒன்றை அவர் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தவன் நான்தான். பாவம் என்னுடையது. 5 கிலோ அரிசிப் பைக்கு 2 வெள்ளி தள்ளுபடி. அந்த 2 வெள்ளிக்காகப் பெயர், எண், பிறந்த நாள் மூன்றையும் கொடுத்தோம். செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அது ஒன்று மட்டும் இப்படி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

மாமா தவறிப்போனார். தேசியப் பதிவு இலாகாவில் இறப்பைப் பதிந்து, அவருடைய அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தோம். வரிசையில் நிற்க வைத்தாலும் அரசாங்கம் ஒருவழியாக மாமாவை விட்டுவிட்டது. பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. எமதர்மன் கணக்கையும் சித்திரகுப்தன் அதற்குள் முடித்திருப்பான். செயலி மட்டும் முடிக்கவில்லை. பிறந்த நாளன்று காலையில் வாழ்த்து வந்தது, கூடவே 10 புள்ளி.

அத்தை கைப்பேசியை நீட்டிக் கேட்டார்: “உயிரோட இருந்தப்ப ஒரு நாளும் பிறந்த நாள் கொண்டாடாத மனுசன். ஏன்யா, செத்தவருக்குப் பாயிண்ட் கொடுக்கிறாங்களே, அதை நான் எடுத்துக்கலாமா?”

மூடிவிடலாம் அத்தை என்று உட்கார்ந்தேன். சுயவிவரம், அமைப்புகள், உதவி, எங்களைப் பற்றி, கொள்கைகள் என்று ஐந்து திரை தாண்டினேன். ஆறாவதில், சாம்பல் நிறப் பின்னணியில் இன்னும் கொஞ்சம் வெளுத்த சாம்பல் நிறத்தில், ‘கணக்கை நீக்கு’. விதிப்படி வழி இருந்தது, மறுக்க முடியாது. காரணம் கேட்டது. ‘அதிகச் செய்திகள் வருகின்றன’, ‘வேறு செயலிக்கு மாறுகிறேன்’, ‘இடம் மாறிவிட்டேன்’. இறந்துவிட்டேன் என்பதற்குக் கட்டம் இல்லை. ‘இடம் மாறிவிட்டேன்’ என்பதைத் தொட்டேன். பொய் இல்லையே.

ஓடிபி அனுப்பினார்கள், மாமாவின் எண்ணுக்கு. அது ப்ரீபெய்டு எண். பணம் போடாமல் எப்போதோ செத்துவிட்டது. கைப்பேசி வீட்டு வைஃபையில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் மின்னஞ்சல் எழுதினேன். மறுநாள் பணிவான பதில்: பாதுகாப்புக் கருதி, கணக்கின் உரிமையாளர் தன் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும்.

அட்டை இலாகாவில். உரிமையாளர் சாம்பலாகிக் கடலில். செல்ஃபியை யார் எடுப்பது?

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். சேரும்போது கேட்டது மூன்று விவரம். விலகும்போது கேட்பது அடையாள அட்டை, முகம், ஆள் இறந்துவிட்டார் என்றால் இறப்புச் சான்றிதழ், எனக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதற்கு ஆதாரம். மாமாவை விலக்கி முடிப்பதற்குள் எங்கள் குடும்பமே அவர்களிடம் சேர்ந்துவிடும்.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன், நாடாளுமன்றத்திடம் போகலாமே என்பீர்கள். அங்கேயும் எட்டிப் பார்த்தேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2010இல் இயற்றி, 2013 நவம்பர் 15 அன்று அமலுக்குக் கொண்டுவந்தார்கள். தேவை முடிந்தபின் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது 10ஆம் பிரிவு. தேவை முடிந்ததா என்று முதலில் முடிவு செய்பவர் வைத்திருப்பவரேதான். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். ‘என் விவரத்தை அழி’ என்று கேட்கும் உரிமையைத் தனியாக எழுதவில்லை. மத்திய, மாநில அரசுகளைச் சட்டம் தொடுவதே இல்லை. 2024இல் திருத்தினார்கள். விவரம் கசிந்தால் விரைவில் ஆணையருக்குச் சொல்ல வேண்டும், 72 மணி நேரத்துக்குள் என்கிறது வழிகாட்டுதல். என் விவரத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தரும்படி நான் கேட்கலாம். மூட்டையை வீடு மாற்றலாம், கொளுத்த முடியாது.

ஐரோப்பாவின் சட்டத்தில் அழிக்கக் கேட்கும் உரிமை 17ஆம் பிரிவாக இருக்கிறது. இலங்கை 2022இலும் இந்தியா 2023இலும் அதைத் தங்கள் சட்டங்களில் எழுதிக்கொண்டன. எங்களுக்கோ அது கலிஃபோர்னியாவிலிருந்து கடை விதியாக வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் வாக்குப் போட்டு வந்ததல்ல. நாளைக்கு நீங்களே எடுத்துவிட்டாலும் கேட்க ஆளில்லை.

தங்கியிருக்கும் விவரம்தான் கசியும். 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் இந்த நாட்டில் கசிந்தது 2017 அக்டோபரில் தெரியவந்தது. மக்கள்தொகையே அப்போது ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான்.

உங்களால் முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் நிறுவனம் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டில் உங்கள் கல்லாவைத் தாண்டி நேரடியாகப் பணம் வாங்க வழி வைத்தது. நூற்றுக்கு 30 என்ற உங்கள் பங்குக்கு ஆபத்து. அன்றைக்கே இரண்டு கடைகளும் அதை எடுத்து வெளியே வைத்தன. அந்தச் சுறுசுறுப்பில் கால்வாசி போதும் எங்களுக்கு.

ஆகவே என் கோரிக்கைகள்:

1. ‘சேர்’ என்ற பொத்தான் எந்த நிறத்தில், எந்த அளவில் இருக்கிறதோ, ‘நீக்கு’ என்பதும் அப்படியே இருக்கட்டும்.
2. சேரும்போது கேட்காத எதையும் விலகும்போது கேட்கக் கூடாது. வங்கிக்கு வேண்டுமானால் விலக்கு. அரிசிப் பைக்கு எதற்கு?
3. காரணங்களின் பட்டியலில் ‘இறந்துவிட்டார்’ என்று ஒரு கட்டம். எல்லாருக்கும் ஒருநாள் உதவும், உங்கள் அதிகாரிகள் உட்பட.

மாமாவுக்கு எங்கள் வட்டாரத்து மளிகைக் கடையில் 555 புத்தகத்தில் கடன் கணக்கு இருந்தது. காரியம் முடிந்த மறுவாரம் பாக்கியைக் கட்டப் போனேன். கடைக்கார அண்ணன் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பக்கத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கிழித்து என் கையில் கொடுத்தார். “இருக்கட்டும் தம்பி, மாமா கணக்கு முடிஞ்சிருச்சு.” ஓடிபி கேட்கவில்லை.

இப்படிக்கு,
கணக்கு முடியாத ஒரு குடும்பத்தின் சார்பில்,
மேருவாசி

பின்குறிப்பு: இதை எழுதி முடித்தபோது மாமாவின் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. அவர் சேர்த்த புள்ளிகள் டிசம்பர் 31 அன்று காலாவதியாகின்றனவாம். கணக்குக்கு அப்படித் தேதி எதுவும் இல்லை.