இஸ்தோப்புக் கங்காணி

இலங்கை மலையகத்தில் ராகலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கங்காணிமார் இரண்டு வகை. முதல் வகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலைப் பெரட்டில் பேர் சொல்லி, மலையில் ஆளுக்கு ஆள் நிரை பிரித்துக் கொடுத்து, முற்றல் இலை கிடக்கிறதா என்று கூடைக்குள் கைவிட்டுத் துழாவுபவர். அவருக்குச் சம்பளம் உண்டு. இரண்டாம் வகைக்குச் சம்பளமும் இல்லை, நியமனக் கடிதமும் இல்லை. வெசாக்குக்கு ஒரு கிழமை இருக்கும்போதோ, தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காகிதக் கொடி ஒட்டும்போதோ, டிசம்பர் லீவில் நத்தார் நட்சத்திரத்துக்கு மூங்கில் பிளக்கும்போதோ லயத்து வீட்டின் திண்ணையான இஸ்தோப்பில் தானாக முளைப்பவர் அவர். மற்ற நாட்களில் வெறும் தகப்பன்; பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று யாராவது கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பவர். "இந்தத் தடவ கூட்டப் புள்ளைகளே கட்டட்டும், நான் சும்மா பக்கத்துல ஒக்காந்திருக்கேன்" என்பதுதான் அவருடைய பதவிப் பிரமாணம். அந்த நிமிஷத்தோடு பிள்ளைகளின் லீவு முடிந்தது என்று அர்த்தம்.

சமயம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. வெசாக் தினம் 1885இல் அரச விடுமுறையானது. அமெரிக்கப் பௌத்தரான ஒல்கொட்டும் கொழும்புப் பௌத்தப் பெரியவர்களும் பிரித்தானிய ஆட்சியிடம் கேட்டுப் பெற்றது அது. யார் கேட்டுப் பெற்றால் என்ன, லிடெஸ்டேல், டெல்மார், ஹைபொரஸ்ட் பக்கத்து லயங்களில் மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டிலும் வெசாக் கூடு என்னும் காகித விளக்கு தொங்குவதுண்டு. மூன்றாம் காம்பராவில் நத்தார் நட்சத்திரம் ஏறிவிட்டால் ஐந்தாம் காம்பராக்காரர் திருநீற்று நெற்றியோடு அதைவிட ஒரு முழம் பெரிதாக ஒன்றைக் கட்டாமல் தூங்கமாட்டார். தீபாவளிக்கு மட்டும் அவரைக் காணமுடியாது. முற்பணம், உடுப்பு, பலகாரம் என்று ஓடும் பண்டிகை தீபாவளி. அதில் பசைக்கும் கத்தரிக்கோலுக்கும் வேலையில்லை, ஆகவே அவருக்கும் வேலையில்லை.

ஆரம்பம் அழகாகத்தான் இருக்கும். ஆற்றோரத்து மூங்கில் இனாம். டிசுத் தாள் ராகலை டவுனில் வாங்கியது. வெள்ளித் தாளுக்கு அங்கர் பால்மாப் பக்கெற்றைப் பிரித்து உட்புறத்தைத் துடைத்து வைத்திருக்கிறது. நாளைக் காலை ரொட்டிக்கென்று இருந்த கோதுமை மாவில் ஒரு பிடி பசையாகி, இன்னும் ஆவி பறக்கிறது. முதல் பத்து நிமிஷம் அந்த இஸ்தோப்பில் மக்களாட்சி நடக்கும். மூத்தவன் சிவப்பு என்பான், சின்னவள் மஞ்சள் என்பாள், தகப்பன் இரண்டும் சரி என்பார். பிறகு சின்னவள் தாளைக் கொஞ்சம் கோணலாக வெட்டுவாள். "குடு, ஒரு தடவ காட்டித் தாறேன்" என்று கத்தரிக்கோலை வாங்குவார். வாங்கிய கத்தரிக்கோல் அந்த வருஷம் திரும்பி வராது. அடுத்து கத்தி போகும், அதற்கு நியாயம் உண்டு. அதற்கடுத்து நூல் கட்டுவது போகும், அதற்கு நியாயம் இல்லை. கடைசியில் பசைச் சட்டி மட்டும் பிள்ளைகள் கையில் மிஞ்சும். அதுவும் தூக்கிப் பிடிப்பதற்குத்தான், தொடுவதற்கில்லை. ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் மூத்தவன் நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்பான். சின்னவள் டோர்ச் அடித்துக்கொண்டிருப்பாள். "ஆட்டாத", "அங்கிட்டு நில்லு", "இத யாரு ஒட்டுனா?" ஆகிய மூன்றைத் தவிர வேறு பேச்சு இருக்காது. மூன்றாவது கேள்விக்கு விடை அவருக்குத் தெரியும். சின்னவள் ஒட்டிய தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டே அவர் கேட்பது விடைக்காக அல்ல.

அவருக்குள் இருக்கும் குழந்தை வெளியே வந்துவிட்டது என்று இதற்குச் செல்லமாகக் காரணம் சொல்வார்கள். ஏற்கமுடியாது. உள்ளே இருப்பது குழந்தை என்றால் அரை மணித்தியாலத்தில் அலுத்துப்போய் எழுந்து கிரிக்கெட்டுக்குப் போயிருக்கும். இவர் இரவு பத்து மணி வரை நகராமல் இருக்கிறார். அவர் செய்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் குழந்தையின் சாயல் எதிலும் இல்லை; நிர்வாகத்தின் சாயல் எல்லாவற்றிலும் இருக்கிறது. கூட்டின் இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் அவளுக்கு என்று பிரிப்பது நிரை போடுதல். ஒட்டியதைச் சுரண்டி எறிவது, கொழுந்தில் முற்றலைக் கழிக்கிற அதே கை. வாலுக்குரிய சுருள் தாளைக் குறித்த எண்ணிக்கை வெட்டாத பிள்ளை பல்ப் சுவிட்சைத் தொடக்கூடாது என்கிறாரே, அதற்குத் தோட்டத்தில் அரைப்பேர் என்று பேர்: குறித்த கிலோ எடுக்காவிட்டால் அன்றைக்குப் பாதிச் சம்பளம். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று 2024இல் வர்த்தமானியில் வந்தபோதும், அந்த ரூபாயை முழுதாகப் பார்க்க எத்தனை கிலோ என்பதுதானே லயத்தில் முதலில் எழுந்த கேள்வி. எல்லாம் முடிந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மற்றவர் கூடுகளைப் பார்த்துக்கொண்டே ஒரு நடை நடப்பார். அந்த நடையை அவர் பங்களாத் துரையிடம் கற்றார், வேறெங்கும் கற்கவில்லை.

ஆக, காரணம் உள்ளே இல்லை, மேலே இருக்கிறது. காலையில் பெரட்டில் ஒருவர், மலையில் ஒருவர், தராசடியில் ஒருவர், இவர்கள் எல்லோருக்கும் மேலே பங்களாவில் ஒருவர் என்று வருஷம் முழுவதும் அவர் கையை நாலு சோடிக் கண்கள் பார்க்கின்றன. எந்த மலையில் வேலை, எவ்வளவு வேலை, செய்தது சரியா என்று ஒன்றையாவது தீர்மானிக்கும் உரிமை அவருக்கில்லை. வெசாக் கிழமையில்தான் முதன்முறையாக அவருக்குக் கீழே இரண்டு பேர் நிற்கிறார்கள். தனக்குத் தெரிந்த ஒரே முறையில் அவர்களை நடத்துகிறார். தொழிலாளியின் கடன் கணக்கெழுதிய 'துண்டு' 1921இல் சட்டப்படி ஒழிந்த பிறகு பெரியாங்கங்காணியின் பழைய கொடி இறங்கத் தொடங்கியது என்பார்கள். இறங்கியது மலையில்தான், இஸ்தோப்பில் அது இன்னும் பறக்கிறது, டிசுத் தாளில்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது கொஞ்சம் கனமானது: அவர் தொழில் தெரிந்தவர், பிள்ளைகளுக்குத் தெரியாது. உண்மைதான். அட்டபட்டம் எனப்படும் எட்டுப்பட்டைக் கூட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே நீளத்தில் 24 குச்சி. நாலு நாலாகக் கட்டினால் 6 சதுரம். சதுரங்களை மூலைக்கு மூலை சேர்த்துக் கட்டினால் இடையில் 8 முக்கோணங்கள் தாமாகவே விழும். அவற்றுக்கென்று ஒரு குச்சிகூடத் தேவையில்லை. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் ஒரு தவணை முழுக்கப் போராடுவதை மூங்கில் ஒரு மாலையில் காட்டிவிடுகிறது. ஆனால் ஒரு சங்கதி: சதுரங்களுக்குக் குறுக்கே குச்சி வைத்து இறுக்காவிட்டால் முழுக் கூடும் முறுக்கிக்கொண்டு உள்ளே மடங்கிவிடும். முக்கோணம் நிற்கும், சதுரம் சாயும். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு இது தெரியும். எட்டு வயதுக்குத் தெரியாது. சரி. தெரியாததைச் சொல்ல எவ்வளவு நேரம்? "குறுக்க ஒரு குச்சி வையி" என்பது நாலே சொல். அதை விட்டுவிட்டு 24 குச்சியையும் பிடுங்கிக்கொள்வதைத் தொழில் தெரிந்ததன் விளைவு என்று எந்தக் கணக்கிலும் எழுதமுடியாது. கத்தி விஷயத்தில் மட்டும் அவருக்கு முழுப் பேர் போட்டுவிடலாம். பிளந்த மூங்கிலின் விளிம்பு விரலைக் கிழித்துவிடும், பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடாது. ஆனால் டிசுத் தாள் யாரையும் வெட்டியதில்லை.

பிள்ளைகளிடம் விட்டால் பாதியில் நின்றுவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. நின்றால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. ராகலையில் இருந்துகொண்டு இந்தக் குறையை யாரும் பெரிதாகப் பேசக்கூடாது. நானுஓயாவில் தொடங்கி நுவரெலியா, கந்தப்பளை வழியாக வந்த சிற்றகல ரயில் பாதைக்கு உடப்புசல்லாவ பாதை என்று பேர். 1904இல் ராகலை வரை வந்து, அதோடு சரி. பேரில் இருந்த ஊருக்குப் போகவே இல்லை. போகாமலே 1940கள் வரை தேயிலையும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு ஒழுங்காக ஓடியது. வெள்ளைக்காரன் பாதியில் விட்டால் அது வரலாறு, எட்டு வயதுப் பிள்ளை பாதியில் விட்டால் சோம்பேறித்தனமா?

மூன்றாவது மறுப்புதான் இந்த விளக்கத்தின் கழுத்தைப் பிடிக்கிறது. ராகலை டவுனில் கொழுந்து எடுக்காதவர்களும் இதையேதான் செய்கிறார்கள். பாடசாலையில் வெசாக் கூட்டுப் போட்டி என்றால் ஆசிரியரின் பிள்ளை கொண்டுவரும் கூட்டில் பிள்ளையின் கைரேகையைத் தேடிப் பிடிக்கவேண்டும். வங்கியில் வேலை செய்பவர் அடிமட்டம் வைத்து டிசுத் தாள் வெட்டுகிறார். அவர்களுக்கு ஏது பெரட்டு, ஏது தராசு? இருக்கிறது என்பதே விடை. ஆசிரியருக்கு வலப்பனைக் கல்வி வலயம் இருக்கிறது. பாடக்குறிப்பு எழுதினாயா என்று கேட்க ஆள் வரும். வங்கிக்காரருக்குத் தலைமை அலுவலகம் இருக்கிறது. மேலே ஆள் உள்ளவரெல்லாம் கீழே ஆள் தேடுகிறார்கள். வீட்டில் அகப்படுவது பிள்ளைகள். அவ்வளவுதான் வித்தியாசம்: தோட்டத்தில் இதற்கெல்லாம் தெளிவான பேர்கள் உண்டு, டவுனில் அக்கறை என்று பொதுவாக ஒரு பேர் வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு விதத்திலும் பரிசோதித்துப் பார்க்கலாம். யார் இப்படிச் செய்வதில்லை? அப்பாயி. ஐம்பத்தைந்து வயது வரை கொழுந்து எடுத்து, சேமலாப நிதியை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கும் கிழவி. அவளிடம் பிள்ளைகளையும் பசைச் சட்டியையும் விட்டுப் பாருங்கள். தாள் கோணலாகும், பசை தலைமுடியில் ஏறும், பால்மாப் பக்கெற்றின் எழுத்துப் பக்கம் வெளியே வரும்படி நட்சத்திரம் ஒட்டப்படும். கிழவி வெற்றிலையை மென்றுகொண்டு "நல்லாத்தாண்டா இருக்கு" என்பாள். அவளை மேய்க்க இப்போது யாருமில்லை. ஆகவே அவளுக்கு மேய்க்கவும் யாரும் வேண்டியதில்லை. அம்மா ஏன் செய்வதில்லை என்று கேட்கலாம். இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளிப் பழகிய அந்த விரல்கள் காகிதப் பூ மடிக்கும் வேகத்துக்கு அந்த வீட்டில் யாரும் நிற்கமுடியாது. மேலே கண்களும் அவளுக்குக் குறைவில்லை. ஆனால் வேலைவிட்டு வந்து அடுப்பு, தண்ணீர், துணி என்று அடுத்த வேலை தொடங்குவதால் கங்காணிப் பதவியை ஏற்க அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை. பசை கட்டிதட்டினால் மட்டும் அவள் பேர் கூப்பிடப்படும்.

வெளிநாட்டுச் சாட்சி ஒன்றும் உண்டு. உலகமெங்கும் விற்கும் பலமுனைக் காகித நட்சத்திரம் 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி என்ற சிற்றூரில், மொராவியச் சபையின் விடுதிப் பள்ளியில் கேத்திரகணிதப் பாடமாகத் தொடங்கியது. கட்டியவர்கள் மாணவர்கள். அந்தச் சபையின் விடுதிகளில் இருந்த பிள்ளைகள் பலரின் பெற்றோர் ஊழியத்துக்காகக் கடல்கடந்து போயிருந்தார்கள். தகப்பன்மார் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பையன்கள் நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள், நட்சத்திரம் பாடமாக வந்திருக்காது என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. பெரியவர்களும் விட்டுவைக்கவில்லை, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதை விற்பனைச் சரக்காக்கினார்கள். தகப்பன் கொழும்பில் கடை வேலைக்கும் தாய் மத்திய கிழக்குக்கும் போய், பிள்ளைகள் அப்பாயியோடு இருக்கும் வீடுகள் இந்தப் பக்கத்திலும் உண்டு. அங்கே தொங்கும் கூடுகள் கோணலானவை, பிள்ளைகளே கட்டியவை. இதைச் சொல்லிக் கங்காணி எதிர்ப்புப் பிரசாரம் செய்ய மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் நூல் பிடித்துக்கொண்டு திட்டு வாங்கவே சம்மதம் என்பார்கள்.

கடைசி மறுப்பை இஸ்தோப்புக் கங்காணியே தன் வாயால் எழுப்புகிறார். மலைக் கங்காணி ஒருநாளும் கொழுந்து நன்றாக இருந்ததற்குக் கொழுந்துக்காரியைப் புகழ்ந்ததில்லை. வந்த பேர் அவருக்கு, வந்த குறை அவளுக்கு. இவரோ கூட்டை ஏற்றி, பல்ப் எரிந்து, லயத்து ஆட்கள் கூடிநின்று பார்க்கும்போது, "நா ஒண்ணுமே செய்யல, எல்லாம் புள்ளைங்க கட்டுனதுதான்" என்கிறார். மனமாரத்தான் சொல்கிறார், பொய்யென்றே அவருக்குத் தெரியாது. விளக்கம் இங்கே சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது. அதிகாரம் பண்ண வந்தவர் பெருமையை ஏன் கீழே தள்ளிவிட வேண்டும்? பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று லயம் பேசினால் அந்தப் பெருமை சுற்றிக்கொண்டு தன்னிடமே வரும் என்ற கணக்காக இருக்கலாம். பாசமாகவும் இருக்கலாம், ஒரு கிழமை கங்காணியாக இருந்தவர் ஒரு நிமிஷம் தகப்பனாவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. பக்கத்துக் காம்பராக்காரர் விடுகிறாரா? சின்னவளிடம் குனிந்து, "என்னா பாப்பா, நீயா கட்டுன?" என்கிறார். அவள் தகப்பனை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள். "நா டோர்ச்சு புடிச்சேன் மாமா" என்கிறாள். "ஆட்டாம புடிச்சேன்."