பியூஸ் கேட்டு ஒரு விண்ணப்பம்

கண்டி மாநகரில் நாடகம், அரங்கேற்றம், பரிசளிப்பு விழா ஆகியவற்றுக்கு வாடகைக்கு விடப்படும் ஒரு மண்டபத்தின் மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,



மண்டபத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் மற்ற மண்டபத்தார் மனம் நோவார்கள், தங்களை விட்டுவிட்டேனே என்று.

முதலில் என் பாராட்டு. மேடை விளக்குச் சாமான்களை உங்களைப்போல் பத்திரமாக வைத்திருப்பவர்கள் மலைநாட்டிலேயே கிடையாது. ஒரு 5 அம்பியர் பியூஸ் வேண்டுமென்றால் கோரிக்கைப் படிவத்துக்கு ஒரு கையொப்பம், அல்மாரிச் சாவிக்கு இன்னொரு கையொப்பம். சாவி வைத்திருக்கும் உத்தியோகத்தர் நாலேகாலுக்குக் கம்பளை பஸ் ஏறிவிடுவார். நாடகம் ஆறரைக்கு. சனி, ஞாயிறு அவருக்கு லீவு. விழா வைப்பவர்களோ சனி, ஞாயிறைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். அது அவர்கள் பிழை.

ஒருமுறை, அதிசயமாக, அந்த அல்மாரி திறந்திருக்கக் கண்டேன். மாலிபன் பிஸ்கட் டின்னில் பியூஸ், வைண்டிங் வயர், இறுகிப்போன இன்சுலேஷன் டேப், யாரோ கழற்றிவைத்த மூக்குக்கண்ணாடி. டின்னுக்கு மேலே லேபல்: "பல்வகை". கீழ்த்தட்டிலும் "பல்வகை". மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அரசகரும மொழிக் கொள்கை இவ்வளவு சிரத்தையாக அமுலாகும் இடம் வேறெங்கும் இல்லை.

பல்புகளைப் பற்றிச் சொல்லவேண்டும். நிதிப் பிரமாணம் 756இன்படி வருடாவருடம் பொருட்கணக்கெடுப்பு நடக்கிறது. ஏட்டில் ஹலஜன் பல்ப் 40 என்றால் அல்மாரியிலும் 40 இருந்தாகவேண்டும். ஆகவே எரிந்துபோன பல்ப் குப்பைக்குப் போவதில்லை. அதே கார்ட்போர்ட் உறைக்குள் புகுந்து, புது பல்புகளுக்கு நடுவிலேயே தன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கணக்கு ஒருபோதும் பிசகாது. இடைவேளையின் பத்து நிமிடத்தில், வாயில் டோர்ச்சைக் கவ்வியபடி ஒவ்வொரு உறையாகத் திறந்து உயிருள்ளதைத் தேடுபவன்தான் பிசகிப்போகிறான். அதிலும் ஒரு நுணுக்கம். ஹலஜன் பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடியை வெறுங்கையால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய் பட்ட இடம் எரியும்போது சூடேறி, பூத்து, கொப்பளித்து, சிலவேளை வெடித்தும் விடும். கணக்கெடுப்புக் குழுவினர் தேநீரும் வடையும் முடித்தபின்தான் எண்ண வருகிறார்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எண்ணுகிறார்கள்.

அதேவேளை, வயர் எதுவும் பொருத்தப்படாத ஒரு சின்னப் பிளக்கை "பாவனைக்கு உதவாதது" என்று கழித்துவிட்டீர்கள். அதனுள்ளே ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தது. லைட்டுகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டீஎம்எக்ஸ் கேபிளின் கடைசி லைட்டில் அதைச் செருகாவிட்டால் சிக்னல் திரும்பி எதிரொலித்து, ராமர் பட்டாபிஷேகத்தில் லைட் எல்லாம் டிஸ்கோ போலத் துடிக்கும். செத்த பல்புக்கு ஓய்வூதியம், வேலை செய்யும் பிளக்குக்குப் பணிநீக்கம்!

பிளக் கதை இன்னொன்று. 13 அம்பியர் சதுர முள்தான் நாட்டின் தரம் என்று முடிவானதும் உங்கள் 15 அம்பியர் உருண்டை முள் பிளக்குகள் ஒரு சாக்கில் கட்டப்பட்டு மாடிப்படிக்கடியில் போயின. பிரித்தானியப் பழக்கத்தில் வந்த அரங்குகள் அந்த உருண்டை முள்ளை இன்னும் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அதனுள் பியூஸ் கிடையாது. பியூஸ் கீழே, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் இருக்கும். சதுர முள்ளில் பியூஸ் பிளக்கினுள்ளேயே இருப்பதால், அது போனால் சபையோர் தலைக்கு மேலே ஏணி வைத்து ஏறவேண்டும். ஏணி வேறு கட்டடத்தில். அதற்கும் படிவம் உண்டு.

லைட்டுக்கு முன்னால் செருகும் கலர் ஜெல் தாள்களை ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டியிருக்கிறீர்கள். கண்டி ஈரத்தில் ரப்பர் உருகி ஒட்டிக்கொண்டது. லீ கம்பனியின் 119 கடுநீலம், 181 காங்கோ நீலம் இரண்டும் அரையிருட்டில் கறுப்பாகத்தான் தெரியும். இலக்கம் எழுதாவிட்டால் கடவுளுக்கும் அடையாளம் தெரியாது. கோப்பு அடுக்குவதில் உங்கள் எழுதுவினைஞர்களை யார் மிஞ்சமுடியும்? ஒரு பழைய பைலிங் கேபினட்டில் இலக்க வரிசையில் தொங்கவிட்டால் போதும். யாரும் புதிதாக எதையும் படிக்கவேண்டியதில்லை.

இதே ஊர் வீதியில் எசல பெரஹராவைப் பாருங்கள். இரும்புக் கூடையில் பந்தம் எரிகிறது. கொப்பரா தீரத் தீர, சாக்கோடு கூடவே நடந்துவரும் ஆள் அள்ளிப் போடுகிறார். சாக்கைப் பூட்டி, சாவியைக் கம்பளைக்கு அனுப்பிவிட்டு யாரும் யானையை நடக்கவிடுவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1961இல் சரச்சந்திர திறந்தவெளியில் 'சிங்கபாகு' நாடகத்தை ஏற்றினார். அதே பல்கலைக்கழகத்தில் அந்தப் பத்தாண்டில்தான் வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட ஊரில் நாம் ஒரு பியூஸுக்காகத் திரையை இறக்கிவைத்துக் காத்திருக்கிறோம்.

என் வேண்டுகோள் சிறியது. மேடையின் இடப்பக்கச் சுவரில், கைக்கெட்டும் உயரத்தில், உள்ளே இருப்பது வெளியே தெரியும் சின்ன லாச்சிகள் கொண்ட ஒரு பெட்டியை மாட்ட அனுமதி தாருங்கள். ஒவ்வொரு லாச்சியின் முகப்பிலும் லேபலுக்குப் பதில் அந்தச் சாமானிலேயே ஒன்றை ஒட்டிவிடுவேன். பியூஸ் லாச்சியில் பியூஸ், கிளாம்ப் நட் லாச்சியில் நட். எந்த மொழிக்காரரும் இருட்டில் தடவியே கண்டுபிடிப்பார்கள். எரிந்த பல்புக்குச் சிவப்பு வாளி ஒன்று பக்கத்திலேயே இருக்கும். கணக்கெடுப்புக் குழு வாளியையும் சேர்த்து எண்ணிக்கொள்ளட்டும், 40 வந்துவிடும். ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் நானே போடுகிறேன்.

பெட்டி, வாளி, ஒட்டும் பசை எல்லாம் என் செலவு. ஒன்று மட்டும் தயவுசெய்து: அந்தப் பெட்டிக்குப் பூட்டு வாங்க விலைமனு கோரிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மண்டபத்தில் அடிக்கடி இருட்டில் நிற்கும் ஒரு லைட்காரன்,
கட்டுகஸ்தோட்டை.