நம்பர் அங்கிள்

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் புளோக்குக்கு ஒருவராவது இருப்பார். சீனராக இருக்கலாம், தமிழராக இருக்கலாம். (எந்த இனத்தார் ஒரு புளோக்கில் எத்தனை வீடு வாங்கலாம் என்று 1989 முதல் அரசாங்கம் விகிதாச்சாரம் வைத்திருக்கிறது. நம்பர் அங்கிள்களுக்கு அப்படி உச்சவரம்பு எதுவும் இல்லை.)

தோ பாயோவில் எங்கள் புளோக்குக்கு வாய்த்தவர் தமிழர். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, டி-ஷர்ட் கழுத்தில் செருகிய பேனா. கீழே கோப்பிக்கடையில் பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங்கோடு உட்கார்ந்திருப்பார். டாக்டர் சொன்னதில் அது ஒன்றைத்தான் கேட்கிறார்.

புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் ஃபோர் டி லாட்டரிக் குலுக்கல். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். பரிசு விழுவது 23க்கு. மீதி 9,977 எண்களோடும் அங்கிளுக்கு நெருங்கிய பழக்கம்.

இங்கே வந்த புதிதில் நாங்கள் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தோம். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயும் துணிகள், ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பழைய பேப்பர்க்காரர், தரைத்தளத்தில் ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், மறுவாரம் அதே இடத்தில் சீனத் துக்கம். அங்கிளும் பார்ப்பார், அதில் நம்பர் இருக்கிறதா என்று. சாலையில் இரண்டு கார் முட்டிக்கொண்டால் மற்றவர்கள் யாருக்கு அடி என்று எட்டிப் பார்ப்பார்கள். அவர் குனிந்து நம்பர் பிளேட்டைப் படிப்பார். பன்னிரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் 87 வயதில் காலமானபோது, "மனுசன் சும்மா போகல தம்பி, 8712 குடுத்துட்டுப் போயிருக்காரு" என்றார், உண்மையான மரியாதையோடு. நான்கு இலக்கமாக இருந்த அஞ்சல் குறியீட்டை 1995இல் ஆறு இலக்கமாக்கியதற்கு அரசாங்கத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்களுக்குப் பெண் பிறந்தபோது பணம் வைத்த ஆங்பாவ் உறையோடு வீட்டுக்கு வந்தார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். கண், மூக்கு யார் ஜாடை என்றெல்லாம் கேட்கவில்லை.

"எத்தனை கிலோ?"

"மூணு கிலோ நூத்தி இருபது கிராம், அங்கிள்."

முகம் மலர்ந்துவிட்டது. "நாலு இலக்கம்! ஆசீர்வாதமான பிள்ள!"

சனிக்கிழமை 3210 விழுந்தது. மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது என் மனைவியிடம் வருத்தத்தோடு சொன்னார்: "இன்னும் ஒரு தொண்ணூறு கிராம் இருந்திருக்கலாம்மா."

விழுவதே இல்லை என்று சொல்வது அநியாயம். 'பிக்' வகையில் ஒரு வெள்ளி (டாலர்) கட்டியதில் ஒருமுறை ஆறுதல் பரிசு, 60 வெள்ளி வந்தது. அன்று கோப்பிக்கடையில் அவர் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் மீ கோரெங், பரோட்டா, தே தாரிக். பில் 70 வெள்ளியைத் தாண்டிவிட்டது. லாபத்தில்தான் இருப்பதாக இன்றுவரை அவர் கணக்கு.

தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தது 2003இல். அந்த நிம்மதியில் இருந்தவர் என் மாமியார். பேறுகாலம் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து வந்தவர், அங்கிளைக் கண்டாலே "குடியைக் கெடுக்கிற சூது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் குழந்தைக்கு வெயில் காட்டக் கீழே போன இடத்தில், யாரிடமோ பேச்சுவாக்கில், கனவில் யானை வந்ததாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து மேசையில் பேனா கழுத்திலிருந்து இறங்கியது. கனவுக்கு நம்பர் சொல்லும் படப் புத்தகமும் வந்தது.

"யானை நின்னுச்சா, நடந்துச்சா தங்கச்சி?"

மாமியார் யோசித்தார். "நின்னுச்சுண்ணே. எங்க கும்பேஸ்வரன் கோயில் மங்களந்தான்."

புத்தகத்தில் யானைக்கு நம்பர் இருந்தது, மங்களத்துக்கு இல்லை. இருவரும் அரை மணி நேரம் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த எண் விழவில்லை. ஆனால் அதிலிருந்து மாமியாருக்குக் கனவு அதிகம் வர ஆரம்பித்தது. மத்தியானத் தூக்கத்திலும் வந்தது. சூது என்ற சொல்லை அதன்பின் அவர் வாயிலிருந்து கேட்கவில்லை.

விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார். புதன்கிழமை மத்தியானம் தவறாமல் போன் வருகிறது. பேத்தி சாப்பிட்டாளா, குப்புற விழுந்தாளா என்று இரண்டு கேள்வி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாப்பிள்ளை, அந்த அண்ணன் கீழ இருக்காரான்னு பாருங்களேன். ராத்திரி மங்களம் குட்டி போட்ட மாதிரி..."