திறப்புக்காரர்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் திறப்புக்காரர் என்றொரு வகை மனிதர் இருக்கிறார். அரசாங்கத்தின் பதவிப் பட்டியலில் அவர் இல்லை; அவர் இல்லாமல் ஊரும் இல்லை. வீடு நாரந்தனையில் இருக்கும், வீட்டுக்காரர் கனடாவில் ஸ்காபரோவில் இருப்பார், திறப்பு இவருடைய சேட்டுப் பொக்கற்றில் இருக்கும். 1990இல் தீவுகளை விட்டு எழும்பி ஓடிய சனத்தில் திரும்பி வந்து குடியிருப்பவர் கொஞ்சம், பண்ணைப் பாலத்துக்கு அங்கால் யாழ்ப்பாணத்தோடு நின்றுவிட்டவர் கொஞ்சம், கடல் கடந்தவர் கனபேர். போர் முடிந்த பிறகு கடல் கடந்தவர்கள் காசு அனுப்பி, பழைய வீட்டுக்குப் புது ஓடு போட்டு, நிலத்துக்கு மாபிள் பதித்து, கோயில் திருவிழாவோடு வந்து மூன்று கிழமை நின்றுவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். மிச்ச நாளெல்லாம் அந்த வீட்டைக் கூட்டுகிறவர், வெள்ளிக்கிழமை சாமிப்படத்துக்கு விளக்கு வைக்கிறவர், மோட்டரைப் போட்டுத் தண்ணீர் இறைத்துப் பார்க்கிறவர், பாம்பு புகுந்தால் ஆள் பிடிக்கிறவர் எல்லாம் திறப்புக்காரரே.

நான் சொல்ல வந்தவர் இளைப்பாறிய கிளாக்கர். பெயர் வேண்டாம், ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் இல்லை. ஒரு ஆளைக் குறிவைத்து எழுதுகிறேன் என்றும் எண்ணவேண்டாம். இதே கிளாக்கரைச் சரவணையில் தடித்த மூக்குக் கண்ணாடியோடும், கரம்பொனில் ஓய்வுபெற்ற தபாலதிபராகவும், புளியங்கூடலில் கொழும்புக் கடையை விற்றுவிட்டு வந்த முதலாளியாகவும் கண்டிருக்கிறேன். எல்லோரிடமும் திறப்புக் கோர்வை இருந்தது. எல்லோரும் கதைப்புத்தகத்தைக் கைவிட்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

கிளாக்கர் உத்தியோக காலம் முழுவதும் வாசித்தது கோவைகளும் சுற்றுநிருபங்களும். வீட்டில் வாசித்தது பேப்பரில் வரும் மரண அறிவித்தல்கள். அந்தத் துறையில் அவருக்கு நிகரில்லை. செத்தவரின் பிறப்பிடம், வதிவிடம், மருமக்கள், சகலன் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, விடுபட்ட பேரையும் விட்ட காரணத்தையும் காலைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். கதைப்புத்தகம் என்றால் மட்டும் முகம் சுளிப்பார். “ஆரோ ஒருத்தன் இருந்து யோசிச்ச பொய்யை நான் ஏன் மினக்கெட்டு வாசிப்பான்?” என்று கேட்டுவிட்டு, பேப்பரைப் புரட்டித் தன் ராசிபலனை ஆறுதலாக வாசிப்பார்.

இத்தனைக்கும் இளமையில் வாசித்துத் தள்ளியவர். 1970களில் இந்தியச் சஞ்சிகைகள் வருவதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டபோது, வீரகேசரி பிரசுரமாக அடுத்தடுத்து வந்த நம் நாட்டு நாவல்களை விலங்கியல் புத்தகத்துக்குள் வைத்து வாசித்து, விலங்கியலில் கோட்டை விட்டு, அதனாலேயே கிளாக்கரானவர். 1973இல் வந்த பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யில், தண்ணிமுறிப்புக் காட்டில் பதஞ்சலி பட்ட பாட்டுக்காக ஒருநாள் முழுவதும் சாப்பிடாமல் கிடந்தவர் என்று அவருடைய தமக்கையார் சொல்லியிருக்கிறார். அதே மனிதர்தான் பிற்காலத்தில் தன் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு நடுவில் தடவிப் பார்த்து, “கதைப்புத்தகம் சோறு போடுமோ?” என்று பறித்து அலுமாரிக்கு மேலே எறிந்தவர். பிள்ளைகளுக்கு இப்போது கனடாவில் நல்ல சோறு.

ஏன் வாசிப்பை விட்டீர்கள் என்று கேட்டால் நாளுக்கொரு காரணம் வரும். ஒருநாள் உத்தியோகம். இன்னொருநாள் கலியாணம், அதை அவர் மனைவி, எங்களுக்கு மாமி, அடுப்படியில் நிற்கிறாவா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார். எப்போதாவது யாழ்ப்பாண நூலகம் என்பார். 1981 ஜூனில் அது எரிக்கப்பட்டபின் அங்கே போய்ப் பார்த்தவர். ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் எரிந்துபோக, இவர் இரவல் எடுத்த இரண்டு மட்டும் வீட்டு மேசையில் கிடந்தன. ஆரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார். 1990 ஓட்டத்தில் அவையும் போயின. இந்தக் காரணத்தைச் சொன்னால் நாங்கள் மேற்கொண்டு பகிடி பண்ணமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே அதைக் கனதரம் சொல்லமாட்டார்.

அவர் மறுபடி வாசிக்கத் தொடங்கியதற்கு இலக்கியம் காரணமில்லை, விமானப் பயணப் பொதிதான் காரணம். வெளிநாட்டுக்காரர் ஊருக்கு வந்தால் முதல் கிழமை பழைய நினைவு பொங்கும். யாழ்ப்பாணம் போய் மூன்று பை நிறையப் புத்தகம் வாங்குவார். ‘பொன்னியின் செல்வன்’ படம் 2022இலும் 2023இலும் வந்த சூட்டோடு ஐந்து பாகத்தையும் ஒரேயடியாக வாங்காமல் திரும்பியவர் குறைவு. கடைசிக் கிழமை பெட்டி அடுக்கும்போது மனைவிமார் தராசோடு வருவார்கள். பெட்டிக்கு 23 கிலோ. மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி, கருவாடு, ஆச்சி கொடுத்துவிட்ட வடகம் எல்லாம் ஏறியபின் முள் எல்லையைத் தாண்டி நிற்கும். எதை இறக்குவது? கல்கியை இறக்குவார்கள். பிறகு சாண்டில்யன் இறங்குவார். “அடுத்தமுறை கொண்டுபோகலாம்” என்று அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைக் கிளாக்கரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இப்படி நாரந்தனையின் பூட்டிய வீடுகளுக்குள் ஆருக்கும் தெரியாமல் ஒரு நூலகம் வளர்ந்து வந்தது.

ஒருநாள் அப்படியொரு வீட்டில் மோட்டர் பழுது. திருத்துகிற பொடியன் காலை 9 மணிக்கு “இந்தா வாறன்” என்று சொன்னதை நம்பிக் கிளாக்கர் விறாந்தையில் காத்திருந்தார். போனில் சார்ஜ் இல்லை. பேப்பரை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். வேறு வழியில்லாமல் அலுமாரியைத் திறந்து கைக்குப் பட்டதை எடுத்தார். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. பக்கத்துத் தீவான நெடுந்தீவில், வாடைக் காலத்தில் வந்து வாடி போட்டு மீன் பிடிக்கிறவர்களின் கதை. 1978இல் படமாகவும் வந்தது. ‘நெடுந்தீவைப் பற்றி இவர் என்ன பிழை விட்டிருக்கிறார் என்று பார்ப்போம்’ என்றுதான் தொடங்கினார். பொடியன் பின்னேரம் 4 மணிக்கு வந்து சேர்ந்தபோது, கிளாக்கர் தலை நிமிராமலே, “தம்பி, நாளைக்கு வாரும்” என்றார்.

அதன்பிறகு அவருக்கு எல்லா வீட்டிலும் வேலை வந்துவிட்டது. மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தவர் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் திறப்பும் கையுமாகப் புறப்பட்டார். “அண்ணை எங்கட வீட்டைத் தன்ர வீடு மாதிரிப் பாக்கிறார்” என்று லண்டனில் ஒருவர் கண் கலங்கினாராம். அந்த வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரை போட்ட இடம் மட்டும் பளபள என்று இருக்கும். கிணற்றடியில் பற்றை தோளளவு.

வீட்டில் வாசிக்கத் துணிவில்லை. பிள்ளைகளின் புத்தகத்தைப் பறித்த கை அல்லவா? நாவலைப் பேப்பருக்குள் வைத்து விரித்துக்கொண்டு இருப்பார். விலங்கியல் படித்த வயதில் தகப்பனுக்கு ஒளித்தவர் பேரப்பிள்ளை கண்ட வயதில் மாமிக்கு ஒளித்தார். ஒருநாள் மாமி அடுப்படியில் நின்றபடியே கேட்டா: “இஞ்சாருங்கோ, ரெண்டு மணித்தியாலமா வாசிக்கிறியள், அவ்வளவு பேரே செத்துப் போச்சினம்?”

பிடிபட்ட பிறகு வெட்கம் போய் வெறி வந்தது. புதிதாக மதம் மாறியவரோடு கோயில் பற்றிக் கதைக்கக்கூடாது. மறுபடி நாவல் வாசிக்கத் தொடங்கியவரோடு எதைப் பற்றியும் கதைக்கக்கூடாது. ஆனால் கிளாக்கரின் வாசிப்புக்கு ஒரு தீவக முறை இருந்தது. கதையில் ஒரு ஆள் வந்தால் அவன் நல்லவனா கெட்டவனா என்பது பிறகு. முதலில் ஆற்றை மகன், எவடத்தில் செய்தவன், சீதனம் என்ன? பட்டணத்து எழுத்தாளர் ஒருவர் ‘அவன் யன்னலைத் திறந்தான்’ என்று தொடங்கியிருந்த கதையை அந்த வரியோடே மூடிவிட்டார். “ஆர் அவன்? வீடு சொந்தமோ வாடகையோ? ஒண்டும் சொல்லாமல் யன்னலைத் திறந்தா நான் என்னத்தைக் கண்டன்?”

அதனால் ரஷ்ய நாவல்கள் அவருக்கு உடனே ஒட்டிக்கொண்டன. நீண்ட பெயர்களைக் கண்டு மற்றவர்கள் பயந்து ஓடுகிற இடத்தில் கிளாக்கர் உருகிப்போனார். “திமீத்ரி இவானவிச் எண்டா இவானின்ர மோன். பேரிலையே தேப்பன்ர பேரையும் போட்டு வைச்சிருக்கிறாங்கள். விசாரிக்கிற வேலையே இல்லை. முறையான சனம்!”

தல்ஸ்தோயின் ‘புத்துயிர்ப்பு’ வாசித்த நாட்களில் கோயில் மடத்தில் நின்று யாருக்கோ சொல்லியிருக்கிறார்: “பாவம் அந்தப் பெட்டை. கெடுத்தவன் அவன். இப்ப அவளைக் கூண்டில ஏத்திப்போட்டு, நியாயம் சொல்ல வந்த ஆக்களுக்குள்ள அவனும் ஒருத்தனா இருக்கிறான்.” பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவின் காதில் அது விழுந்தது. அன்றிரவே ஸ்காபரோவிலிருந்து வீடியோ கோல். “அண்ணை, ஆற்றை பெட்டை? எங்கட பக்கத்து ஆக்களே?” கிளாக்கர் பொறுமையாக, அது 1899இல் வந்த ரஷ்யக் கதை என்று விளக்கினார். அந்தப் பக்கத்தில் கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, “சரி அண்ணை, கடைசியில அவளுக்கு விடுதலை கிடைச்சதோ?” என்று கேள்வி வந்தது.

‘பொன்னியின் செல்வன்’ பூங்குழலி விஷயத்தில் அவர் தனி ஆராய்ச்சியே செய்தார். கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு அவள் படகு வலித்துச் சேருகிற நாகத்தீவு எங்கள் நயினாதீவேதான் என்பது அவர் கட்சி. அதில் விட்டுக்கொடுப்பில்லை. ஆனால் ஒரு பெண்பிள்ளை இரவோடு இரவாகத் தனியே அவ்வளவு தூரம் வலிப்பாளா? ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குச் சைக்கிளில் போய்க் கடலோடி ஒருவரிடம் காற்று, நீரோட்டம், வள்ளத்தின் நீளம் எல்லாம் சொல்லி அபிப்பிராயம் கேட்டார். வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “கூட வந்த ஆள் என்ன செய்தவர்?” என்றார். “அவர் வீரன்” என்றார் கிளாக்கர். “அப்ப அவரும் ஒரு கை வலிச்சிருக்கலாம்” என்றார் கடலோடி. கல்கி 1950இலிருந்து 1954 வரை கிழமைக் கிழமை எழுதிய கதைக்கு இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒரேயொரு புத்தகத்தைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. இதே தீவின் அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி எழுதி, 2001இல் வந்த ‘கொரில்லா’. அதில் வருகிற ஒழுங்கைகள் அவர் சைக்கிள் ஓடின ஒழுங்கைகள். ஆற்றை மகன், எவடத்து ஆள் என்று ஒரு கேள்வியும் அவரிடமிருந்து வரவில்லை. வாசித்து முடித்து, எடுத்த வீட்டிலேயே கொண்டுபோய் வைத்தார்.

ஊரில் சிலர் இதை வயதுபோன நேரத்துப் பைத்தியம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு காலத்தில் நாரந்தனையில் மதவடியில் குந்தினால் போதும். சங்கக்கடைக்குப் போகிறவரும் வஸ்ஸுக்கு ஓடுகிறவரும் ஆளுக்கொரு அத்தியாயம் தந்துவிட்டுப் போவார்கள். கதைப்புத்தகம் இல்லாமலே கிளாக்கர் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது அந்தப் பலத்தில்தான். இப்போது மதவு இருக்கிறது, குந்த ஆளில்லை. மிஞ்சியிருக்கிற எங்கள் கதைகளோ அவருக்கு மனப்பாடம். வம்பளக்க மனிதர் வேண்டும். சோழநாடென்ன, சைபீரியாவென்ன, கிடைக்கிற இடத்தில் ஆள் பிடிக்கிறார்.

மாமியையும் தொற்று விட்டுவைக்கவில்லை. இரவில் அவர் சத்தம்போட்டு வாசித்த ‘ஆச்சி பயணம் போகிறாள்’ தேங்காய் துருவிக்கொண்டிருந்த காதில் விழுந்ததில் தொடங்கியது. கதிர்காமம் புறப்பட்ட ஆச்சி செய்கிற அட்டகாசத்துக்கெல்லாம் மாமி ஆச்சியின் பக்கம், கிளாக்கர் ஆச்சியோடு போனவர்களின் பக்கம். அன்று புட்டு வேகப் பிந்தியது. இப்போது அவர் இல்லாத நேரம் மாமி கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்து வைத்துக்கொண்டு, சாப்பிடும்போது மெல்ல, “உங்கட ஆள் பிழைக்கமாட்டார், சொல்லிப்போட்டன்” என்று எச்சரிக்கிறா. கிளாக்கர் வெளிக்கிட முன் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே ஒளிக்கப் பழகிவிட்டார்.

புத்தகம் இரவல் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியதும் உத்தியோகம் திரும்பிவிட்டது. கோடுபோட்ட பெரிய கொப்பி ஒன்று வந்தது. தொடர் இலக்கம், புத்தகத்தின் பெயர், எடுத்த வீடு, கொடுத்த திகதி, பெறுபவர் ஒப்பம், மீளக் கையளித்த திகதி. தவணை 14 நாள். பிந்தினால் காசில்லை, பிந்தியவர் கதையைக் கிளாக்கருக்கு முழுவதும் சொல்லவேண்டும், அவர் இடைக்கிடை குறுக்குக் கேள்வி கேட்பார். அதற்குப் பயந்து எல்லோரும் ஒழுங்காகக் கொடுத்துவிடுகிறார்கள்.

போன திருவிழாவுக்கு ஸ்காபரோக்காரர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். வீட்டைச் சுற்றிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கிணற்றடியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் அலுமாரியைத் திறந்து நின்று யோசித்துவிட்டு, படலையடியில் நின்ற கிளாக்கரைக் கூப்பிட்டார்.

“அண்ணை, கடல் புறா ரெண்டாம் பாகத்தைக் காணேல்லை.”

கிளாக்கர் கண்ணாடியைப் போட்டுக் கொப்பியை விரித்து விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். “அது இப்ப சுருவிலில நிக்குது. வந்தாலும் உமக்கு முன்னால ரெண்டு பேர் நிக்கினம்.”

“அண்ணை, அது என்ர புத்தகம்.”

“ஓம் தம்பி. அதாலதான் உம்மை மூண்டாவதாப் போட்டனான். இல்லாட்டி நீர் ஆறாவது.”