நாலுமூலைக் கேணியும் நாலாயிரம் அடி உயர ட்ரோனும்

உலகத் துயரங்களை ஆவணப்படமாக்க ஒரு பக்குவம் உண்டு. முதலில் ட்ரோன், அடுத்து சோகமாக ஒரு புல்லாங்குழல், பிறகு வெடித்துக் கிடக்கும் ஏரி, அதில் குடத்தோடு ஒரு பாட்டி. பாட்டி சிரித்துவிட்டால் ரீடேக்.

பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் எடுத்த இந்திய ஆவணப்படங்களை 1970இல் பிபிசி ஒளிபரப்பியதும், நம் வறுமையைக் காட்டிவிட்டார்களே என்று அரசு கொதித்து, டெல்லியில் இருந்த பிபிசி அலுவலகத்தையே மூட வைத்தது. இப்போது அந்தக் கவலை இல்லை. 4கேயில் வறுமையும் லட்சணமாகத்தான் தெரிகிறது.

திருச்சி - துறையூர் சாலையில் இருக்கிற திருவெள்ளறைக்கு இந்த ஆவணப்படக்காரர்கள் வந்தால், நாலுமூலைக் கேணி என்கிற ஸ்வஸ்திக் வடிவக் கிணற்றை ‘விடை தெரியாத மர்மம்’ என்பார்கள். பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டிய மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று அங்கேயே கல்வெட்டு சொல்கிறது. ஆனால் கல்வெட்டுக்குப் பின்னணி இசை போட முடியாதே!

நாலு பக்கமும் படிகள் வளைந்து இறங்குவதால் ஒரு துறையில் குளிப்பவர் மற்றவர் கண்ணில் படமாட்டார். ஊரில் இதற்கு மாமியார் மருமகள் கிணறு என்றும் பெயர். அதை மட்டும் ஒரு எபிசோட் எடுக்கட்டும், இரவு எட்டு மணி சீரியல்களெல்லாம் மூட்டை கட்டவேண்டியதுதான்.